சக்கரை போடாத காப்பி

காப்பித் தட்டு இப்ப மாமாகிட்ட நிக்குது. அடுத்தது அம்மா, அப்புறம் தம்பி சபரி, அப்புறம் நான். ஆளுக்குப் பத்து நொடின்னு வெச்சாலும் அரை நிமிசத்துல என்ற மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கும். நான் எடுக்கவும் கூடாது, எடுக்காம இருக்கவும் கூடாது. காங்கயத்துல இந்தப் பொண்ணு வீட்டுக் கூடத்துல, ஆளை உள்ள இழுக்கற மெத்து சோபாவுல, தொடையை இறுக்கிக்கிட்டு உக்காந்திருக்கேன். அடிவயிறு கல்லாட்டம் கெடக்குது. காலைல ஆறு மணிக்கு மாத்திரை முழுங்க அரை டம்ளர் தண்ணி குடிச்சதோட சரி. எட்டு மணிக்குக் குழாய் போட்டு மூத்திரத்தை எடுத்தும் விட்டாச்சு. இப்ப மணி பதினொண்ணரை. எங்கிருந்து வந்துச்சு இத்தனையும், எவன் ஊத்தினான் உள்ள. நாக்கு வறண்டு அண்ணத்துல ஒட்டுது, அது மாத்திரையோட வேலை. மேல இருக்கற வாயைக் காய வெக்கத் தெரியுது அந்த மாத்திரைக்கு, கீழ நிறுத்தத்தான் தெரியல. த்தூ, என்ன ஒடம்பு இது. போன வாரம் கோயில்ல வெச்சுப் பொண்ணைப் பாத்தாச்சு, ஜாதகம் பொருந்தியாச்சு, இன்னிக்கு வீட்டுக்கு வந்திருக்கோம். இந்த வீட்டுல கை நனைச்சா, அதாவது ஒரு வாய் காப்பியாவது குடிச்சா, சம்மதம். குடிக்காம எந்திரிச்சா வேண்டாம்னு அர்த்தம், வாயைத் தொறந்து சொல்ல வேண்டியதே இல்ல. அதுலயும் மாப்பிள்ளைக்குக் கூடப் பொறந்தவ குடிக்கலைன்னா போச்சு. அவ உக்காந்து செய்யற இணைச்சீர்ச் சடங்கு முடியாம எங்க பக்கம் தாலி ஏறாது. அவளுக்கே மனசில்லாத எடத்துக்கு எவன் பொண்ணைக் குடுப்பான். சபரிக்கு முப்பத்திநாலு முடியப் போகுது. ரெண்டு எடம் தட்டிப் போயிருச்சு, ரெண்டும் என்னாலதான். இது மூணாவது.

மாமா பஜ்ஜி திங்கறதைப் பாக்கவே கொமட்டுது. அப்பா போன பொறகு எங்க வீட்டுக்குப் பேசற ஆள் அவருதான், அதனால முதல் தட்டு அவருக்கு. அடியில விரிச்ச நியூஸ் பேப்பர் எழுத்து பஜ்ஜியில கறுப்பா ஒட்டியிருக்குது, அதோட திங்கறாரு, தின்னுட்டு வெரலை சோபாக் கையில தொடைக்கறாரு. கேசரியில நெய் மெதக்குது. ஃபேன் காத்துல எல்லா வாசமும் சுத்திச் சுத்தி வருது, பஜ்ஜி, நெய், மாமாவோட வெத்தலை, என்ற தலையில மூணு மொழம் மல்லிகை. எனக்கா கல்யாணம், மூணு மொழம் எதுக்கு. நாத்தத்தை மறைக்கத்தான். அம்மா வெச்சு விடறப்பவே தெரியும், வெச்சுட்டுக் கழுத்துக்கிட்ட மோந்து பாத்துச்சு, அப்புறம் இன்னொரு கை பவுடர் போட்டுச்சு. பெரியவங்க போடற டயபர்தான் போட்டுக்கிட்டுக் கெளம்பினேன். ஈரோட்டுல வாசப்படி எறங்கறதுக்குள்ள அம்மா பின்னால வந்து, நடந்தா சரக்கு சரக்குன்னு கேக்குது, பட்டுச் சேலைக்குப் பின்னால பொதபொதன்னு தெரியுது, கழட்டிப் போட்டுட்டு வான்னுச்சு. முப்பத்தொம்பது வயசுல நின்னு கழட்டினேன். இப்ப சாதாரணப் பேடுதான் இருக்குது, அது நாலு சொட்டுக்குத் தாங்கும், அஞ்சாவது சொட்டு சேலைக்கு. அங்க போயி கக்கூஸ் கேக்காத, அதுவும் அம்மா சொன்னதுதான். பவானியில பாத்த எடத்துல கேட்டேனே. குழாய் போட்டு எடுக்க எனக்கு இருபது நிமிசம் ஆச்சு, வெளிய அவங்க மூணு தடவ கதவைத் தட்டினாங்க, ரெண்டு நாள் கழிச்சு அந்தப் பொம்பளைக்கு என்ன வியாதின்னு விசாரிச்சாங்களாம், அப்புறம் போனே இல்ல. பெருந்துறைக்காரங்க என்ற கைத்தடியைப் பாத்த ஒடனேயே மூஞ்சி சுருங்கிட்டாங்க. அதனால இன்னிக்குத் தடியும் இல்ல, சபரி தோளைப் புடிச்சுக்கிட்டு வந்தேன், பாசமான அக்கா தம்பியாட்டம். நான் வரலைன்னு சொன்னேன், நூறு தடவ சொன்னேன். வராம இருந்தா கூடப் பொறந்தவளுக்கு இஷ்டமில்லையான்னு கேப்பாங்களாம். வந்தாலும் தொல்லை, வராட்டியும் தொல்லை.

தட்டு அம்மாகிட்ட வந்துருச்சு. அம்மா எடுத்துக்கிட்டு என்னைப் பாக்குது, பாக்காத மாதிரி பாக்குது. ஆறு வருசமா இந்தப் பார்வைதான். இதுக்குப் பேரு எம்.எஸ்., மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்பு மேல இருக்கற உறை அங்கங்க அரிச்சுப் போயிருதாம், எலி கடிச்ச ஒயராட்டம், அதனால தலையில இருந்து போற சேதி பாதி வழியில நின்னு போகுதாம். முதல்ல கண்ணு மங்குச்சு, சரியாச்சு. அப்புறம் காலு மரத்துச்சு, பாதி சரியாச்சு. அப்புறம் இது வந்துச்சு, இது சரியாகல. காலு நடக்காட்டி ஐயோ பாவம்ங்கறாங்க, சேரை இழுத்துப் போடறாங்க. இதுக்கு எவனும் ஐயோ பாவம்ங்கறதில்ல, மூக்குதான் மொதல்ல சுருங்குது. மூத்திரப்பை நெறையறது எனக்குத் தெரியாது. திடீர்னு தெரியும், தெரிஞ்சா நேரம் இருக்காது. பூட்டுல சாவி போட்டா வரும், கொழாயில தண்ணி விழற சத்தம் கேட்டா வரும், சிரிச்சா வரும். நானும் சிரிக்கறதை விட்டுட்டேன். ஓடிப் போயி உக்காந்தா வராது, பாதி உள்ளயே தங்கிப் புளிச்சுக் குளிரு காய்ச்சல் வரும். அதுக்குத்தான் குழாய், ஒரு நாளைக்கு நாலு தடவ, கண்ணாடிக் கூட்டுல போட்டுக் கைப்பையில வெச்சிருக்கேன், பாக்கறவங்க மூக்குக் கண்ணாடின்னு நெனச்சுக்குவாங்க. போன தடவ கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில ஒரு ஃபாரம் குடுத்தாங்க. சிறுநீர்ப் பிரச்சினையால உங்க வாழ்க்கை எந்த அளவு பாதிச்சிருக்குது, ஒண்ணுமில்ல, கொஞ்சம், ஓரளவு, ரொம்ப, ஒண்ணுல டிக் பண்ணுங்க. வெளியூர் போறீங்களா. ஒறம்பரை, சொந்தபந்தம் வீட்டுக்குப் போறீங்களா. கணவரோட உறவு எப்படி. அம்மா பக்கத்துல உக்காந்து எட்டிப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. எல்லாத்துக்கும் கொஞ்சம், கொஞ்சம்னு டிக் பண்ணிக் குடுத்துட்டு வந்தேன். என்ற வீட்டுக்காரரு கூடத்துல கட்டிலைப் போட்டுக்கிட்டாரு, அப்புறம் கூடமும் ஆகல, வேலைன்னு சொல்லி ஓசூர் போயிட்டாரு, நான் அம்மா வீட்டோட வந்துட்டேன், வாரம் ஒருக்காப் பேசறவரு இப்ப மாசம் ஒருக்கா. இதுக்குக் கொஞ்சம்னு டிக் பண்ணினவ நான். பொறுமையா பாத்த அந்த டாக்டர் பொண்ணு அதைப் படிச்சுட்டு, பரவால்லையே, சமாளிக்கறீங்கன்னு சொல்லுச்சு. அந்தப் பொண்ணு மேல எனக்கு எதுக்குக் கோவம் வந்துச்சுன்னு இன்னும் தெரியல.

வந்துருச்சு. தட்டைப் புடிச்சிருக்கறது பொண்ணோட அம்மா. ஒரே ஒரு டம்ளர் மிச்சம், நொரை விளிம்பு வரைக்கும், நல்ல டிகாக்சன் வாசம். காப்பி குடிச்சு ஆறு வருசமாச்சு. காப்பி வாசம் மூக்குல ஏறின ஒடனே அடிவயித்துல ஒரு கொக்கி மாட்டி இழுக்குது, ஒரு சொட்டு, ரெண்டு சொட்டு. நிறுத்து, நிறுத்துடி. எனக்கு வேண்டாமுங்கன்னு சொல்லிட்டேன். வாய் தானா சொல்லிருச்சு. எடுத்துக் கையில வெச்சுக்கிட்டாவது இருந்திருக்கலாம், அது அப்பத் தோணல. அந்தம்மா, ஒரு வாயாவது எடுத்துக்குங்க அம்மிணின்னாங்க. நான் மறுபடியும் வேண்டாமுங்கன்னேன். பொண்ணோட அப்பா சென்னியப்பன் தோள்ல இருந்த துண்டை எடுத்து மடியில போட்டுக்கிட்டாரு. மாமாவோட வாய் பஜ்ஜியோட நிக்குது. ஒரு நிமிசம் கூட இருக்காது, அதுக்குள்ள இந்த எடமும் போச்சுன்னு நான் முடிவே பண்ணிட்டேன். அப்பத்தான் சபரி சிரிச்சுக்கிட்டே சொன்னான், அக்காவுக்கு சுகருங்க, அதான் காப்பி வேண்டாங்குது. என்ன அழகா வந்துச்சு அவன் வாயில, ஒத்திகை பாத்த மாதிரி. அம்மா ஒடனே ஆமாங்க ஆமாங்க, முன்னூறுக்குக் கொறையறதே இல்லீங்கன்னு கூடச் சேந்துக்கிச்சு. சுகர்னா மரியாதை. ஊரே சுகர், கலெக்டருக்கும் சுகர், பூசாரிக்கும் சுகர். அந்தம்மா மூஞ்சியில போன உசுரு திரும்பி வந்துருச்சு. அட, இதுக்கா இவ்வளவு யோசனை, எங்க வீட்டுலயும் இவருக்கு சுகர்தானுங்களே, சக்கரை போடாம ரெண்டே நிமிசத்துல கலந்துட்டு வர்றேன்னு உள்ள போயிட்டாங்க. தம்பி என்னைப் பாத்து நிம்மதியா ஒரு மூச்சு விட்டான். மடையன். எனக்குக் குழியை வெட்டி மண்ணையும் மேல தள்ளிட்டான், இனி நான் எதைச் சொல்லித் தப்பிக்கறது.

சமையக்கட்டுல கொழாயைத் தொறக்கறாங்க. பாத்திரத்துல தண்ணி விழுது. மூடுங்க, அம்மா தாயே, மூடுங்க. பல்லைக் கடிக்கறேன், கட்டை வெரலைத் தரையில ஊணறேன், நூறுல இருந்து பின்னாடி எண்ணச் சொன்னாங்க ஆஸ்பத்திரியில, நூறு, தொண்ணித்தொம்பது, தொண்ணித்தெட்டு. சூடா எறங்குது. கொஞ்சம்தான், பேடு குடிச்சுக்கும். சூடா இருக்கறப்பக் கூடப் பரவால்ல, அது ஆறிச் சில்லுன்னு ஒட்டிக் கெடக்கும் பாரு, அந்த நிமிசம்தான் எனக்கு என்னையே ஆகாது. கொழந்தை மூத்திரம் பேஞ்சா மடியில போட்டுக்கிட்டுச் சிரிக்கறாங்க. அதே மூத்திரம்தான் இது. ஒருத்தரைப் பாக்கப் போனா மொதல்ல அவங்க நாற்காலியைப் பாக்கறேன், துணி மெத்தையா ரெக்சினான்னு. இந்த சோபா துணி, அதுவும் சந்தனக் கலரு, எந்திரிச்சா ஈரப் பட்டை தெரியும். கார்ல வர்றப்ப பாத்தேன், எனக்குன்னு இருக்கற பின்சீட்டுல துண்டு விரிச்சிருந்துச்சு, துண்டுக்கு அடியில பிளாஸ்டிக் பேப்பர். சபரிதான் போட்டிருப்பான். உக்காந்த ஒடனே கசமுசன்னு சத்தம் வந்துச்சு, அவன் பாட்டை சத்தமா வெச்சான். அவன் கெட்டவன்னு சொல்ல மாட்டேன். என்ற மாத்திரை தீரறதுக்கு முன்னால வாங்கி வெக்கறவன் அவன்தான், மாசத்துக்கு ஒருக்கா கோயம்புத்தூர் கூட்டிட்டுப் போறவன் அவன்தான். ஆனா என்ற அறையைத் தாண்டிப் போறப்ப மூச்சை அடக்கிக்கிட்டுப் போறான், நாலு எட்டு தாண்டித்தான் விடறான், அந்த மூச்சுச் சத்தம் எனக்குக் கேக்கும். ஒரு நாளு என்ற டம்ளர்ல தண்ணி குடிக்க எடுத்தவன் திருப்பி வெச்சுட்டு வேற டம்ளர் எடுத்தான். வாயில இல்லடா எனக்கு நோவுன்னு சொல்லணும்னு இருந்துச்சு. சொல்லல. அப்படி எதுவுமே நடக்கலைங்கற மாதிரியே ஆறு வருசம் போயிருச்சு, எங்க வீட்டுல எல்லாரும் நல்லவங்க, அதுதான் தாங்க முடியல.

சக்கரை போடாத காப்பியைப் பொண்ணே எடுத்துக்கிட்டு வர்றா. இந்துஜா. இருவத்தொம்பது வயசு, திருப்பூர்ல பனியன் கம்பெனிக் கணக்கெல்லாம் பாக்கறவ, கோயில்ல பாத்தப்பவே பளிச்சுன்னு பேசினா, எனக்குப் புடிச்சிருந்துச்சு. ஏமாறறவளாட்டம் தெரியல, அதான் பயம். பெரிய டம்ளரு, சுகர்க்காரிக்குன்னு தனியா, மத்தவங்களுதை விட ஒண்ணரை மடங்கு. எடுத்துக்கிட்டேன். எல்லாக் கண்ணும் என்ற வாயில. குடிச்சா என்ன ஆகும், அஞ்சு நிமிசமோ பத்து நிமிசமோ, இருக்கறதே நிக்கல, இது வேற போனா இந்தச் சந்தனக் கலரு சோபாவுல, பஜ்ஜி திங்கற மாமா முன்னால, நாளைக்கு சம்பந்தியாகப் போறவரு முன்னால. குடிக்காட்டி என் தம்பிக்கு இன்னும் ஒரு எடம் போச்சு. வாய்க்கிட்ட கொண்டு போனேன். நொரை ஒதட்டுல பட்டுச்சு, கீழ இறக்கிட்டேன். சென்னியப்பன் எங்க மாமாவைப் பாத்து, கோவமில்லாம, மனசில்லாத எடத்துல கட்டாயம் வேண்டாமுங்க, அம்மிணிக்குப் புடிக்கலைன்னா இதோட நிறுத்திக்கலாம்னு சொன்னாரு. அம்மா மூஞ்சி வெளுத்துப் போச்சு. சபரி என்ற பக்கம் குனிஞ்சான், கெஞ்சறான், ஒரே ஒரு வாய், அக்கா, எனக்காகன்னு. கெஞ்சறப்பவும் மூச்சை அடக்கிக்கிட்டுத்தான் கெஞ்சறான். எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. இந்தப் பூவு, இந்தப் பவுடரு, இந்தச் சிரிப்பு, இந்த முன்னூறு, எல்லாத்து மேலயும்.

"எனக்கு சுகர் இல்லீங்க," ன்னேன். என்ற கொரலு எனக்கே வேற யாரோடதோ மாதிரி இருந்துச்சு. "எனக்கு நரம்பு நோவு. மூத்திரம் நிக்காது. இப்பவே பாதி ஈரம்தான். உங்க பொண்ணை எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குது. காப்பி குடிச்சா உங்க சோபா கெட்டுப் போயிரும், அதுக்குத்தான் குடிக்கல."

என்ற மறுபக்கம் இருந்த மாமா சோபாவுல ஒரு சாண் தள்ளி உக்காந்தாரு, பாத்தேன். அம்மா முந்தானையை வாயில வெச்சுக்கிச்சு. பாத்ரூம் எங்கீங்கன்னு நானே எந்திரிச்சேன், எந்திரிக்கறப்பத் திரும்பிப் பாக்கல, பட்டையோ வட்டமோ இருந்துட்டுப் போகட்டும். காலு தள்ளாடுச்சு. இந்துஜா வந்து என்ற கையைக் கக்கத்துல புடிச்சா. என்ற ஈரம் அவ மேல படுமேன்னு நான் தள்ளித் தள்ளி நடந்தேன், அவ ஒட்டி ஒட்டி வந்தா, போடி தள்ளின்னு சொல்லணும்னு இருந்துச்சு. கூடத்துல இருந்து ரெண்டு எட்டுல பாத்ரூம். கதவுக்கிட்ட நிறுத்தி, மெதுவா, எத்தனை வருசமுங்கன்னு கேட்டா. ஆறுன்னேன். உங்க தம்பிக்கும் வருமான்னு கேப்பான்னு நெனச்சுப் பதிலைத் தயாரா வெச்சிருந்தேன், டாக்டர் சொன்னது, வர்றதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மின்னு. அவ அதைக் கேக்கல.

"நாளைக்கு எனக்கு ஒரு நோவு வந்தா, உங்க தம்பி அதுக்கு என்ன பேரு வெப்பாருங்க?"

அவன் தங்கம், அப்படியெல்லாம் இல்லம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், கல்யாணம் நடந்திருக்கும். வாயில வரல. அவனையே கேளுங்கன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்தினேன்.

உள்ள வழுவழுன்னு ஈரத் தரை, சோப்புல ஒரு நீள முடி, பினாயில் வாசம், வாளிக்கு அடியில பச்சையா பாசி. சுத்தமான வீடுதான், ஆனாலும் கக்கூஸ் கக்கூஸ்தான். சேலையைத் தூக்கி இடுப்பு வரைக்கும் சுருட்டினேன், பட்டுல ஒரு கையகலம் நனைஞ்சிருக்குது, பேடைப் பாக்காமப் பேப்பர்ல சுத்தினேன், என்னோடதுதான், எனக்கே கொமட்டுது. கையைக் கழுவிக் கண்ணாடிக் கூட்டைத் தொறந்து குழாயை எடுத்தேன். இது மட்டும் இப்பப் பழகிப் போச்சு, கண்ணை மூடிக்கிட்டே போடுவேன். வெளிய இந்துஜா கேக்கறது நல்லாக் கேட்டுச்சு, எதுக்குங்க சுகர்னு சொன்னீங்க. அம்மா ஏதோ ஆரம்பிச்சுது, உங்களைக் கேக்கலீங்க அத்தை, அவரைத்தான்னு நிறுத்திட்டா. பொய் சொல்லப் போறான், எனக்குத் தெரியும், அக்காவோட மானத்தைக் காப்பாத்தத்தான்னு சொல்லுவான், அழகா வரும் அவனுக்கு. ஃபேன் சத்தம் மட்டும் கேக்குது. அப்புறம் சபரி கொரலு, அடைச்சுப் போயி.

"எனக்கு அருவருப்பா இருந்துச்சுங்க. அக்கான்னு தெரியும், நோவுன்னு தெரியும், என்ன பண்ணியும் போக மாட்டீங்குது. அதை வெளிய சொல்ல வெக்கம். அதான் சுகர்னேன்."

நெஞ்சுல மிதிச்ச மாதிரி இருந்துச்சு. பொறுக்கின்னு திட்டினேன், சத்தமில்லாம, அவன் பொறந்த நாள்ல இருந்து தூக்கி வளத்த இடுப்பு இதுதான்டான்னு திட்டினேன். அதே நேரத்துல, சொன்னா யாரும் நம்ப மாட்டீங்க, அடிவயித்துல இருந்த கல்லு எறங்குது, குழாய் வழியாத் தடையில்லாம, இத்தனை நாளா வராத வேகத்துல. ஆறு வருசத்துல எங்க குடும்பத்துல யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்ல. அம்மா சொல்லல, வீட்டுக்காரரு சொல்லல, கட்டிலைத்தான் நகத்தினாரு. டாக்டர் பொண்ணோட ஃபாரத்துல கூட அந்த வார்த்தை இல்ல. மாமா கொரலு, வாடா சபரி கெளம்பலாம்னு. சபரி, அக்கா வரட்டுமுங்க மாமான்னான். அழறான் போல. எனக்கும் அழுகை வந்துச்சு, ஆனா கையை எடுக்க முடியாது, குழாய் கையில இருக்குது, மூக்கைக் கூட தொடைக்க முடியல.

கதவுக்கு அந்தப் பக்கம் இந்துஜா. தட்டல, சும்மா நின்னு பேசினா.

"கேட்டுதுங்களா?"

"கேட்டுது."

"கோவமுங்களா அவரு மேல?"

யோசிச்சேன். "எனக்கும் அப்படித்தானுங்க இருக்குது," ன்னேன், "என்னைப் பாத்து."

சபரி இன்னொரு பொய் சொல்லியிருந்தா அப்பாவை வேண்டாம்னு சொல்லச் சொல்லிட்டு உள்ள போயிருப்பேன்னு சொன்னா அவ, யாரோ மூணாவது மனுசியைப் பத்திச் சொல்ற மாதிரி. அப்புறம், உங்களுக்கு மாத்திக்க என்ற சேலை ஒண்ணு எடுத்துட்டு வர்றேன், பாவாடையும் வேணுமான்னு கேட்டா.

வேணும்னேன்.